சட்டிக்கு அடியில பன்னிரண்டு சொல்லு

லிங்கநகரில எங்கட வாடகை வீட்டுக் குசினி மேசையில இருந்து வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்குப் படம் வரைஞ்சு குடுக்கிறனான். சம்பளத்தை அவங்கள் கிரிப்டோவாத்தான் தருவாங்கள். மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே ஒரு விசயத்துக்கு: இந்த வீட்டை வாங்கிறதுக்கு. மாசி முடிய முந்தி அட்வான்ஸ் தந்தால் எங்களுக்கே எழுதித் தாறன் எண்டு வீட்டுக்காரர் சொல்லியிருந்தவர். மொட்டைமாடியில ஏறினால் துறைமுகத்துக்குள்ள வாற கப்பல் தெரியிற வீடு. விடுவனோ?

முதல் அந்தக் காசு, கிரிப்டோ வாங்கி விக்கிற ஒன்லைன் எக்ஸ்சேஞ்ச் ஒண்டிலதான் கிடந்தது. ஒருநாள் பாத்தால், இப்ப எடுக்க ஏலாது, பொறுங்கோ எண்டு அறிவித்தல். எனக்குச் சோறு இறங்கேல்லை. பிறகு ஒருமாதிரித் திறந்துவிட்டாங்கள். அண்டைக்கே முடிவெடுத்தனான், என்ர காசு இனி என்ர கையில எண்டு.

ஃபோனில வைக்கலாமே எண்டார் என்ர மனுசன். போன வருசம் படகுத்துறையில குனிஞ்சு நிண்டு சூடைமீன் கூட்டத்தைப் படம் எடுக்கேக்க தன்ர ஃபோனைக் கடலுக்குக் குடுத்த ஆள் அவர். அவற்ர ஆலோசனையை நான் காதிலயே விழுத்தேல்லை. பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன ஹார்ட்வேர் வொலட் வாங்கினன். காசைத் திறக்கிற சாவி அதுக்குள்ள மட்டும்தான், இன்டர்நெட்டில இல்லை. அது பழுதாப்போனால் மீட்கிறதுக்குப் பன்னிரண்டு இங்கிலிஸ் சொல்லுத் தரும். சொல்லு ஆரிட்டயோ காசும் அவரிட்டத்தான். படம் எடுக்காதை, ஈமெயிலில போடாதை, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு இன்டர்நெட்டில எல்லாரும் ஒரே பிடியா நிண்டாங்கள்.

மனப்பாடம் செய்யலாமே எண்டு கேப்பியள். எனக்கு என்ர ஃபோன் நம்பரே தடுமாறும். கடதாசியில எழுதினால் கறையான். எங்கட கலியாண அல்பத்தில மாப்பிள்ளைக்கு இப்ப தலை இல்லை. இரும்பெண்டால் உப்புக்காத்து தின்னும். அப்பதான் என்ர கண் குசினி றாக்கையில போச்சுது. எவர்சில்வர் சட்டி வாங்கினால் கடையிலயே பேர் வெட்டித் தருவாங்களெல்லோ? என்ர கலியாணத்துக்கு வந்த மூடிச்சட்டியில அம்மாவின்ர பேர் இண்டைக்கும் பளிச்செண்டு கிடக்கு. கள்ளன் வந்தால் அலுமாரியைக் கிண்டுவான், சட்டியைத் தூக்கி அடியைப் பாப்பானோ? கடைக்காரரிட்டக் குடுக்க ஏலாதே, அதால எழுத்து வெட்டுற பேனை ஒண்டு வாங்கி, மனுசன் வேலைக்குப் போன நேரம் நானே அந்தப் பன்னிரண்டு சொல்லையும் மூடிச்சட்டிக்கு அடியில வட்டமா வெட்டினன். அவருக்கும் சொல்லேல்லை. அவர் சட்டி கழுவுற ஆளுமில்லை. அடியே, நீ கெட்டிக்காரியடி எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

தைப்பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாளில, அட்வான்சுக்குக் காசு மாத்துவம் எண்டு வொலட்டை எடுத்தன். அதைத் திறக்கிற பின் நம்பரை அடிச்சால், பிழை எண்டுது. திரும்ப அடிச்சன், பிழை. எனக்குக் கோபம் வந்தால் விரல் முந்தும், மூளை பிந்தும். மூண்டாந்தரமும் குத்தினன். சனியன், உள்ளுக்கிருந்த எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுச்சாமான் மாதிரி என்னை வரவேற்றுது.

சரி, அதுக்கென்ன, அந்தப் பன்னிரண்டு சொல்லையும் போட்டால் எல்லாம் திரும்பி வரும். குசினிக்குள்ள போனன். றாக்கையில சட்டி இல்லை.

"இஞ்சேருங்கோ, அந்த மூடிச்சட்டி எங்க?"

"பொங்கலண்டு பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் பொங்கின புக்கை போட்டுக் குடுத்தனான். நல்ல சட்டியில குடுக்கவேணும் எண்டு நீர்தானே சொல்லுறனீர்?"

சாப்பாடு வந்த சட்டியை எங்கட பக்கத்தில ஆரும் வெறுமையாத் திருப்பிக் குடுக்கமாட்டம். எதையாவது சமைச்சு அதுக்குள்ள போட்டுத்தான் குடுப்பம். ராத்தா வீட்டில அந்த எதாவது நோன்புப் பெருநாளுக்குத்தான் வரும். மாசி அதுக்கு முந்தி முடிஞ்சிடும். சட்டியைத் தாங்கோ எண்டு கேட்டால், நீங்கள் இன்னும் எனக்கு ஒண்டும் தரேல்லை எண்டு முகத்தில அடிச்ச மாதிரி.

கேக்கத் தேவையில்லை, அடியை ஒருக்காப் பாத்தால் போதும் எண்டு அவவின்ர குசினிக்குப் போனன். ராத்தா கிண்ணியாவில பிறந்து இஞ்ச வாழ்க்கைப்பட்டவ, என்னைவிட மூப்பு. தேத்தண்ணி ஊத்தித் தந்தா. நான் றாக்கை முழுக்கக் கண்ணால துளாவினன்.

"என்ன புள்ள தேடுறீங்க? ஒங்கட சட்டியா? உம்மாக்குச் சுகமில்லண்டு கஞ்சி ஊத்தி கிண்ணியாக்கு அனுப்பின. உம்மா வெறுஞ்சட்டி அனுப்ப மாட்டா, ஏதும் செஞ்சிதான் அனுப்புவா."

அவ்வளவுதான். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சபடி அழத் தொடங்கினன். "ராத்தா, எனக்கு அந்தச் சட்டி வேணும். ஏனெண்டு மட்டும் கேக்காதீங்கோ."

அவ கேக்கேல்லை. என்னை ஒருக்காப் பாத்தா, ஃபோனை எடுத்தா. "உம்மா, இந்தப் புள்ளட சட்டிய நாளைக்கு பஸ்ஸில குடுத்துடுங்க. ஓம், அழுகுது."

அடுத்தநாள் பின்னேரம் மதிலுக்கு மேலால சட்டி வந்தது. நல்ல பாரம். மூடியைத் திறந்தால் வட்டிலப்பம்! ஏலக்காய் வாசம் மூக்கில ஏறுது. சுகமில்லாத மனுசி எழும்பி, கித்துள் கருப்பட்டி கரைச்சு, அந்தச் சட்டிக்குள்ளயே அவிச்சு அனுப்பியிருக்கிறா.

"அடியில என்னமோ கீறிக் கெடந்திச்சு புள்ள. உம்மா சாம்பல் போட்டு நல்லாத் தேச்சிருக்கா, போயிருக்கும்" எண்டா ராத்தா.

ஐயோ! கவிழ்த்துப் பாக்கவும் ஏலாது, பொறுக்கவும் ஏலாது. மனுசனைக் கூப்பிட்டு, "சட்டியைத் தலைக்கு மேல தூக்குங்கோ!" எண்டு கத்தினன். அவர் என்னை விசரியைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு தூக்கினார். நான் கீழ குந்தியிருந்து அண்ணாந்து பாத்தன். ஒரு எழுத்துக்கூடப் போகேல்லை. அழுக்குப் போய்ப் பன்னிரண்டும் பளபளவெண்டு கிடக்குது. முற்றத்தில நிண்டு கெக்கட்டம் விட்டுச் சிரிச்சன். மதிலுக்கு அங்கால இருந்து "என்ன புள்ள, பேய் புடிச்சிட்டா?" எண்டு கேட்டுது.

அண்டைக்கே சொல்லுகளைப் போட்டு எல்லாத்தையும் மீட்டன். மனுசனுக்கும் கதையைச் சொன்னன். மூண்டு குசினி சுத்தின சொல்லை இனி நம்பேலாது எண்டு, புதுச் சொல்லு உண்டாக்கிக் காசை அங்க மாத்தினன். அது இப்ப துருப்பிடிக்காத தகடு ரெண்டில, ரெண்டு இடத்தில கிடக்கு. எங்கயெண்டு மனுசனுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டன். சமைக்கிற சாமான் இல்லை.

அட்வான்ஸ் குடுத்தம், பிறகு வீடும் எங்கட பேருக்கு வந்தது. பால் காய்ச்சின அண்டு அதே சட்டியில புக்கை போட்டு, நானே ராத்தாவுக்குக் கொண்டுபோனன். இனி அவ எவ்வளவு நாள் வச்சிருந்தாலும் எனக்கென்ன?

"ஏன் அழுதீங்கண்டு இப்பயாவது சொல்லுங்க."

"அந்தச் சட்டிக்கு அடியில வெட்டிக் கிடந்ததுதான் ராத்தா, எங்கட வீடு" எண்டு முழுக்கதையும் சொன்னன்.

"யா அல்லாஹ்! ஒங்கட வீட்டயா உம்மா அடுப்பில வச்சி அவிச்ச?" கதிரையில விழுந்து விழுந்து சிரிச்சா. ரெண்டு பேருக்கும் கண்ணால தண்ணி ஓடுது. பிறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு கேட்டா: "ஏன் புள்ள, அண்டைக்கே எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு இன்டர்நெட்டில சொன்னாங்கள் ராத்தா."

"அப்ப, இன்டர்நெட்டா ஒங்களுக்குச் சட்டியக் கொண்டுவந்து தந்த?"