பாட்டுக்கு முதுகு காட்டுபவர்

நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார். நகர்ந்தால், பக்கத்து நாற்காலியோடு சேர்த்து பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குகிறார். பிறகு இடுப்பில் இரண்டு கைகளையும் அகட்டி வைத்துக்கொண்டு நடைவழியில் நடக்கிறார். முழங்கை இடித்தால் அந்த வரிசையே பின்னால் போக வேண்டும். ராக் கச்சேரிகளில் கூட்டத்துக்கும் இருக்கைகளுக்கும் இவர்தான் பொறுப்பு. மேடைக்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘பயந்தாங்கொள்ளி அண்ணன்’. கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்புகிறார்.

“பயப்படறதுக்குத்தானே எனக்குச் சம்பளமே!”

பாடகரைப் பற்றி எழுதப் போன நான், இவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பாட்டு தொடங்கியதும் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தை மறிக்கும் தடுப்புக் கம்பிக்கு மேடைப் பக்கமாக நிற்கிறார். எந்தப் பாடகரின் முகமும் இவருக்குத் தெரியாது. கூட்டத்தின் முகம் அத்துப்படி.

“கையத் தூக்கிக் குதிச்சா சந்தோஷம். தூக்கின கைய எறக்க எடமில்லேன்னா ஆபத்து. தலையெல்லாம் ஒரே பக்கமா சாயுது பாருங்க, அது ஆட்டமில்ல சார்.”

அதற்குப் பிறகு எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை.

அன்று அவர் முகம் வெளிறியிருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளோடு வந்து கம்பியருகே நின்றிருந்தாள்.

“பின்னால போய் உக்காரும்மா. நாற்காலி போட்டு வச்சிருக்கேன்ல?”

“போப்பா! இத்தன பேர் நிக்கறாங்க. எனக்கு மட்டும் என்ன ஆயிடும்?”

அத்தனை பேரையும் அங்கே நிற்க அனுமதித்தவரே அவர்தானே.

கச்சேரி சூடுபிடித்த நேரத்தில் கூட்டம் இடப்பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். பாட்டு சட்டென்று நின்றது. பின்னால் இருந்தவர்கள் விஷயம் புரியாமல் ஊளையிட்டார்கள். முன்னால் சத்தமே இல்லை. கத்துவதற்கு அவர்களிடம் மூச்சில்லை.

அவர் கம்பியின் படிமேல் தாவி ஏறினார்.

“அப்பா...”

மகள்தான். கையை நீட்டிவிட்டாள். அவளுக்கு முன்னால், கம்பியோடு நசுங்கி, உதடு நீலம்பாரித்து ஓர் இளைஞன். பின்னால் நிற்பவரை முதலில் இழுத்தால், அந்தப் பாரமெல்லாம் முன்னால் இருப்பவர் மேல்தான் விழும்.

அவர் மகளின் கையை விலக்கிவிட்டு, அந்த இளைஞனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.