என் கவர் போட்டோவில் இருக்கும் சலாமா அக்கா

சலாமா அக்கா செத்துப் போய்விட்டார். கடலில் மூழ்கி.

யார் சலாமா என்று கேட்பீர்கள்... என் கவர் போட்டோவை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நீலத் தண்ணீரில் ஒரு கூட்டம் பெண்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள், நடுவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு. எனக்கு இடது பக்கம் மஞ்சள் முக்காடு போட்டிருப்பவர்தான்.

"தூத்துக்குடி பொண்ணுன்னா சும்மாவா" என்று ஹார்ட் விட்டீர்களே. அதே போட்டோ.

மீன்வளம் படிக்கும்போது ஒரு செமஸ்டர் டான்சானியா போயிருந்தேன். காலையில் க்ளாஸ், மதியத்துக்கு மேல் ஒரு கடற்கரை கிராமத்தில் வாலண்டியர் வேலை. அதற்கான ஃபார்மில் நீச்சல் தெரியுமா என்று ஒரு கட்டம் இருந்தது.

எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல், என் அண்ணன் பகல் பூராவும் அதில்தான் கிடப்பான். ஆனால் பொம்பளைப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. எங்கள் தெருவில் அது சட்டம்.

அண்ணன் ஃபார்மை எட்டிப் பார்த்தான். "ஏளா, முத்துநகர்ல இருந்து வாரேன்னு சொல்லிட்டு நீச்சல் தெரியாதுன்னு போட்டா ஊர் மானம் போயிரும். தெரியும்னு போடு. அங்கன எவன் செக் பண்ணப் போறான்?"

போட்டேன்.

அங்கே போனால்... என் ஊர்ப் பெயரையும் ஃபார்மில் போட்ட டிக்கையும் பார்த்ததுமே என்னை நீச்சல் டீச்சர் ஆக்கி வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் கடல்பாசி வளர்ப்பவர்கள். கரையோரத் தண்ணீர் சூடாகி பாசியெல்லாம் அழுகிக்கொண்டிருந்தது. ஆழத்தில் கயிறு கட்டி அதில் வளர்த்தால் பிழைக்கும், ஆனால் நீச்சல் ட்ரெய்னிங் முடித்தவர்களுக்குத்தான் ஆழக் கயிறு என்று ப்ராஜெக்டில் விதி.

அவர்களுக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பழக்கமில்லை. அவர்கள் தெருவிலும் அதே சட்டம்தான் போல.

முதல் நாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு அலை வந்தது, டீச்சர் அலறிக்கொண்டு பக்கத்தில் நின்ற சலாமா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மற்றவர்கள் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள். அக்கா மட்டும் காதோடு கேட்டார், பாதி இங்கிலீஷ், பாதி ஜாடை. "ஏளா, உனக்கும் தெரியாதா?"

(எங்கள் ஊரில் ஏளா என்றால் ஏடி மாதிரி. அம்மா போனில் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று பிடித்துக்கொண்டார். கடைசி வரை ஏளாதான்.)

தலையாட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வெளிய சொல்லிராத. உன்னைத் திருப்பி அனுப்பிட்டா எங்களுக்குக் கயிறு வராது."

சொல்லவில்லை. மூன்று மாதம் தினமும் தண்ணீரில் நின்றுகொண்டு கை வீசினோம்.

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பூராவும் அவர் வீட்டில்தான் கிடந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சி காய்ச்சித் தருவார். மகள் ரெஹ்மாவை எழுப்பிவிட்டு அவள் கட்டிலை எனக்குக் கொடுத்தார்.

கடைசி வாரம் ப்ராஜெக்ட் ஆள் கேமராவோடு வந்தார். எல்லோரும் நீந்துவதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். சலாமா அக்காதான் வழி சொன்னார். "எல்லாரும் முழங்கால் போடுங்க."

போட்டோம். மணலில் முழங்கால், கழுத்து வரை தண்ணீர், கையை வீசு, சிரி. க்ளிக்.

எல்லோருக்கும் சர்ட்டிபிகேட் வந்தது. என்னுடையதில் நீச்சல் பயிற்சியாளர் என்று இருக்கும். இப்போதைய வேலைக்கான இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்... பெண்கள் முன்னேற்றம் என்று பத்து நிமிடம் அளந்துவிட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

சனிக்கிழமை ரெஹ்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

காற்றில் பாசிக் கயிறு அறுந்து போயிருக்கிறது. படகில் அக்காவைத் தவிர எல்லோரும் வேலை பழக வந்த புதுப் பெண்கள். கயிற்றைப் பிடித்து வர யாருக்கு நீச்சல் தெரியும் என்று படகுக்காரர் கேட்டிருக்கிறார். சர்ட்டிபிகேட் இருந்தது சலாமா அக்காவிடம்தான்.

குதித்துவிட்டார். ரெண்டு தடவை கை வீசினாராம். அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு நல்லா நீச்சல் தெரியுமே அக்கா, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க... எப்படி முழுகினாங்கன்னே எனக்குப் புரியல."

அழுதுகொண்டே பேசுகிறாள். "அந்தப் போட்டோவை அனுப்புங்க. அம்மாவோட வேற படம் எங்ககிட்ட இல்ல. திங்கக்கிழமையில இருந்து அம்மா இடத்துக்கு நான் போறேன். எனக்கும் சர்ட்டிபிகேட் இருக்கு, அம்மாதான் ட்ரெய்னிங் கொடுத்தாங்க."

உடனே போன் போட்டேன். "ரெஹ்மா, படகுல ஏறாத. உங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது."



"அப்ப அந்தப் போட்டோல என்ன பண்றீங்க?"

"முழங்கால் போட்டிருக்கோம்."

வைத்துவிட்டாள். அப்புறம் ப்ளாக் பண்ணிவிட்டாள். ப்ராஜெக்ட் ஆளின் பழைய ஈமெயிலுக்கு எழுதினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அந்த ஊரில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. இத்தனை வருடத்தில் வாங்கவில்லை.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

தயவுசெய்து கீழே ஆர்.ஐ.பி. போடாதீர்கள். எனக்கு ஆறுதலும் சொல்லாதீர்கள். அண்ணன் அப்போதே ஆரம்பித்துவிட்டான், "நீ என்னளா செய்வ, அது விதி" என்று. அவனையும் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

சலாமா அக்கா... போயிட்டு வாங்க. அங்கேயும் கடல் இருந்தால், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வராத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.