எர்த் பிடிக்காத கார்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும். ரகரமும் றகரமும் இடம் மாறியிருக்கலாம். பொறுத்துப் படிக்க வேண்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு ஏழாம் மாதம். திருமுக்கூடலில் மாமா வீட்டில் இருந்தோம். தம்பி வரப்போகிறான் என்று எல்லோரும் சொன்னதால் அவன் பஸ்ஸில் வருவான் என்று நினைத்திருந்தேன். அப்பா காஞ்சிபுரத்தில் தறி நெய்தார். அமாவாசையில் தறி ஓடாது என்பதால் அன்று எங்களைப் பார்க்க வந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. புடவையெல்லாம் ரத்தம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

மாமாவிடம் வாடகைக்கு ஓட்டும் பழைய கறுப்புக் கார் இருந்தது. பின் சீட்டில் அம்மா என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பாதி வழியில் இன்ஜின் இருமி நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் வயல். இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா முனகுவதையும் நிறுத்தியிருந்தாள்.

மாமா பானெட்டைத் திறந்து திருப்புளியால் எங்கோ தொட்டார். பொறி பறந்தது.

"பேட்டரில உயிரு இருக்குது மாப்ள. பாடிக்குத்தான் வரல."

"நல்லாப் பாத்தியா மச்சான்?"

"பாத்துட்டேன். பாடியச் சொரண்டணும். கத்தி வெச்சிக்கினு இருக்கியா?"

அதற்குமுன் எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, பாடி எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பாடி அது ஒன்றுதான். அம்மாவின் கை சில்லென்று இருந்தது. மூக்கடியில் விரல் வைத்தேன். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை.

அப்பா பின்கதவைத் திறந்து, அம்மா காலடியிலிருந்த பையில் கத்தியைத் தேடினார். நான் அம்மாமேல் குப்புற விழுந்து இறுக்கிக்கொண்டேன்.

"அம்மாவச் சொரண்டாதப்பா."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நவுருடா. மூச்சு முட்டுது."

பேட்டரியிலிருந்து வரும் எர்த் பட்டையைக் காரின் பாடியில் முடுக்கியிருந்த இடம் துருப்பிடித்துக் கிடந்ததாம். தகரம் பளபளக்கும்வரை சுரண்டிப் பட்டையைத் திரும்ப முடுக்கினார்கள். கார் கிளம்பியது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அப்பா வெள்ளைத் துணியில் சுற்றிய சிறிய மூட்டை ஒன்றை மார்போடு அணைத்தபடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காரில் உட்கார்ந்தார். பாலாற்றுப் பக்கம் போய் வருகிறோம் என்று மட்டும் மாமா சொன்னார். என்னை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போகிறார்களே என்று நான் வாசலில் புரண்டு அழுதேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் அவருக்கு என்ன கோபம் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது ஆவணி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.