ஈயக்கீரை

மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். என் வீட்டுத் தொட்டியில் ஒரு துளசிகூடப் பிழைத்ததில்லை. ஆனாலும் ஊருக்கெல்லாம் மண்ணைப் பற்றி உபதேசம் செய்வேன்.

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் வாய்க்காலோரமாக என் மனைவியின் தம்பிக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கீரைதான் போடுவான். அதை ஒட்டிப் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஷெட் ஒன்று இருந்தது. பத்து வருடத்துக்கு முன் அதை மூடியபோது, ஒரு சந்தேகத்தில் அவன் வயலில் மண் எடுத்துப் பார்த்தேன். இருக்கக் கூடாத அளவுக்குக் காரீயம் இருந்தது.

சொல்லத்தான் போனேன்.

"மாப்ள, உன் மண்ணுல ஈயம் கெடக்குடா."

"அப்ப ஈயச்சொம்பு ரசம் கணக்கா மணக்கும்னு சொல்லுங்க மச்சான்!"

ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம், இது காரீயம், விஷம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றுவிட்டால் என்னால் அதை விழுங்க முடியாது.

"அதான் உன் கீரைக்கு இம்புட்டு ருசி" என்றேன்.

இருவரும் சிரித்தோம். ஷெட்தான் மூடியாச்சே, நாலு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். மண்ணைப் படித்தவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது. அவன் "ஈயக்கீரை" என்றே கூவி விற்க ஆரம்பித்தான். பெயர் வைத்தவன் என்று எனக்குப் பெருமை வேறு.

இந்த வருடம், ஓய்வு பெறுவதற்கு முன், அதே இடத்தில் மறுபடி மண் எடுத்தேன். ஷெட் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு, கொடியில் துணி காய்கிறது. காரீயம் மட்டும் அப்படியே இருந்தது. எத்தனையோ மழை வந்து போயும் அது நகரவில்லை.

ரிசல்ட் தாளோடு போனேன். வளைகாப்பு முடிந்து அவன் மகள் வந்திருந்தாள். தட்டில் கீரை மசியல்.

"தாயி, அதைத் திங்காத."

"ஏன் மாமா, உப்பு கூடிருச்சா?"

"அதுல விஷம் இருக்கு."

"ஆரம்பிச்சுட்டாருடா!" என்று அவள் அப்பன் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு வாய் சோற்றை உருட்டினாள். தாளை நீட்டினேன். அவன் அதைத் தொடவே இல்லை, அடுத்த ஜோக்குக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு வழி தெரியாமல் தட்டைப் பிடுங்கினேன். சோறும் கீரையும் தரையில் சிதறின.

சிரிப்பு நின்றது. அவன் அப்போதுதான் தாளை வாங்கினான். வரி வரியாக விரலை ஓட்டினான்.

"எப்பருந்து தெரியும் மச்சான்?"

"ஈயம் கெடக்குன்னு சொன்னேன்ல. அன்னைக்கே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "போயி வாயக் கொப்பளிச்சுட்டு வா தாயி" என்றான்.

அவள் குழாயைத் திறந்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து கீரையை அள்ளிக்கொண்டிருந்தேன்.