மெட்ராசைவிடக் கிட்டே

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா தறியைவிட்டு எழுந்து மஸ்கட்டுக்குப் போனார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. வீட்டிலிருந்த இரண்டு தறிகளில் அம்மாவின் தறி மட்டும் ஓடியது. அப்பாவுடையதன்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தாள். நான் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லை. அம்மாவிடம் எதைச் சொன்னாலும் கண் இழையில் இருக்கும், தலை மட்டும் ஆடும். சாயங்காலங்களை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

அப்பாவை மெட்ராசில் விமானம் ஏற்றிவிட்டு வந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. காலை ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பியது என்றார். மறுநாள் எதிர்வீட்டுப் போனில் பேசிய அப்பா, பதினொன்றரைக்கெல்லாம் இறங்கிவிட்டதாகச் சொன்னார். அது மஸ்கட் மணி, நம் மணிக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் கணக்கில் நான் புலி. கழித்துப் பார்த்தேன், இரண்டரை மணி நேரம். ஆரணியிலிருந்து மெட்ராசுக்குப் பஸ்ஸில் போகவே நாலு மணி நேரம் ஆகும். மாமாவிடம் விசாரித்தேன்.

"ஆமா பாப்பா, உங்கப்பா மெட்ராசவுட கிட்டதான் கீறாரு" என்றார், சிரிக்காமல்.

அப்படியானால் அங்கே காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆரணியில் இருக்கலாம். என்றைக்கு வருவார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் தெருவில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அன்று அப்பா முழுக்க என்னுடையவர். சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துக் கோட்டை மைதானத்தைச் சுற்றிக் காட்டுவார். அமாவாசை என்றால் உலகத்துக்கே லீவு என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் மட்டும் நடந்தது வாத்தியார்கள் செய்த அநியாயம்.

அடுத்த அமாவாசையன்று பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மெட்ராஸ் வண்டிகள் வந்தன. கூடைக்காரிகள் இறங்கினார்கள், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் கும்பலாக இறங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் போக ஓர் இடம் இருந்தது. விளக்குப் போட்டபிறகு எனக்கு அழுகை முட்டியது. ஊரே நடமாடுகிற இடத்தில் அப்படி ஒரு தனிமை இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அடி விழும் என்றுதான் நினைத்தேன். கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: ஒன்பது, பதினொன்றரை, அமாவாசை. அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னும் ஒரு மெட்ராஸ் வண்டி வந்துகினு கீதாம். அதையும் பாத்துட்டுப் போலாம்."

வண்டி வந்தது. இரண்டு வாசலிலும் ஆட்கள் இறங்கினார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் போனபிறகு கண்டக்டரும் இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தார். அப்போதும் அவள் காலி வண்டியின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழியாமல் அப்பா வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள், அந்த வண்டி உள்ளே திரும்பியதும் எனக்கு முந்தி ஏன் எழுந்து நின்றாள் என்பதுதான் வெகுநாள் வரை எனக்குப் புரியவில்லை.