சின்னக் கொடுக்கு

சீசனுக்கு ஐந்தருவியில் நான் போடும் ஃபேன்சி கடையில் அந்தப் பெண் அடிக்கடி சிவப்பு நெயில் பாலிஷ் வாங்குவாள். அவள் நகங்களிலோ சேறுதான் இருக்கும். ஓடை நண்டுகளை ஆராய்கிறவள். அடையாளத்துக்காக அவற்றின் முதுகில் பொட்டு வைப்பாள்.

"கொடுக்கு சிறுத்த ஆண் நண்டும் ஜோடி சேரும்க்கா. அதுக்கு ஹார்மோன் கம்மி. கொடுக்கும் வளராது, சண்டைக்கும் போகாது. ஆனா எங்க சார், அது பருவத்துக்கு வராத குட்டிங்காரு. கண்ணால பாத்தாத்தான் நம்புவாராம்."

சீசன் முடியப்போகிற நேரத்தில் ஒரு காலை, சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள் என்னை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பெரிய நண்டுகள் கொடுக்கைப் பின்னிக்கொண்டு மல்லுக்கட்டின. அவற்றுக்குப் பின்னால், கல்லிடுக்கில், சிவப்புப் பொட்டு வைத்த சின்ன நண்டு பெண் நண்டோடு சேர்ந்திருந்தது. அவள் கைபேசியில் படம்பிடித்தாள்.

"ஏட்டி, இந்தச் சண்டையில எது ஜெயிக்கும்?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சாச்சுக்கா. இதுக ரெண்டுக்கும்தான் இன்னும் தெரியல."

சாருக்கு வீடியோவை அனுப்பிவிட்டு அன்று இன்னொரு புட்டி வாங்கினாள். கடை வாசலிலேயே உட்கார்ந்து, சேற்றைக் கழுவி, தன் பத்து விரலுக்கும் பூசிக்கொண்டாள்.