ஏழாவது பட்டாளத்துப் பை

நனைந்து காய்ந்த கித்தானும் பழைய தோலும் கலந்து வீசும் அந்த வாடை, எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் பிடிக்காது. உலகச் சண்டை முடிந்து எங்கள் பக்கத்துச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நாற்பதுகளில் எனக்குப் பத்து வயது. உத்தமபாளையத்தில் என்னைப் பெற்ற அத்தாவின் பலசரக்குக் கடையில் அவர்கள் சில்லறைக் காசுக்குப் போட்டுவிட்டுப் போகும் முதுகுப் பைகளை, அதாவது "பட்டாளத்துப் பை"களை, அழுது அடம்பிடித்து வாங்கி, தோல் வாருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து மச்சில் அடுக்கிவைப்பேன். கல்யாணச் சீருக்கு மூட்டை சேர்க்கிறாயா என்று அம்மா கேலி செய்வாள். மூடிக்குள் கறுப்பு மையில் சிப்பாயின் நம்பர் இருக்கும். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஏழாவது பைதான் அத்தனையிலும் அழகு, ஆனால் அதன் நம்பரில் கடைசி மூன்று எண்கள் அழிந்துபோயிருந்தன.

ஒரு நாள் இந்தப் பைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பட்டாளத்துக்குப் போன புருசனிடமிருந்து ஒரு வருடமாகக் கடிதமில்லையாம். ஆள் வராமல், கூட்டாளி யாராவது அவர் பையை மட்டும் கொண்டுவந்து போட்டிருந்தால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். பை என்று காதில் விழுந்ததுமே நான் மச்சுக்கு ஓடி ஏழாவதைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் நீட்டிய பழைய உறையில் இருந்த நம்பரை நான்தான் படித்தேன். முதல் நான்கு எண்களும் ஏழாவது பையின் எண்கள்.

கூசாமல் "இல்லை" என்றேன். அவள் மனம் நோகக்கூடாதென்று சொன்னதாக நினைத்துவிடாதீர்கள், பைக்காகத்தான் சொன்னேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

அந்நாளில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்தான், லேசில் கிளம்பாது. கிளீனர் இன்னும் கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். உள்ளே ஏறி, பையை அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நம்பரைப் பார்க்கவேயில்லை. வாரைத் தடவிக்கொண்டே போய், கொக்கி அழுந்தித் தேய்ந்திருந்த கடைசி ஓட்டையில் விரலை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

"இது நெட்டையன் மாட்டுன பை, தாயி. எங்க வீட்டுக்காரக என் தோளுக்குத்தான் வருவாக. இம்புட்டு எறக்கி மாட்டுனா முழங்கால்ல இடிக்குமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திருப்பித் தந்தாள். பொய் சொன்னதற்கு நறுக்கென்று ஒரு குட்டும் வைத்தாள்.

என் பைகளில் இரண்டைச் செல் அரித்தது, மற்றவை ஏலக்காய் சுமக்க மலையேறிப் போயின. இன்று பேரப்பிள்ளைகள் மாட்டுவதெல்லாம் நைலான் பை, அதில் தோல் வாருமில்லை, ஓட்டையுமில்லை. எனக்கு வருத்தமொன்றும் கிடையாது. நான் குட்டு வாங்கியதற்கு அடுத்த தை மாதம் அவள் தன் புருசனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் முதுகில் பை இருந்தது. அதைக் கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தேன்.